கடைசிப் பாட்டுக்கு வந்து சேர்பவர்

டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. ஊராருக்கெல்லாம் பல் செட் செய்து கொடுப்பவன் வீட்டில் ஓட்டைப் பல்லா என்று இவள் என்னைக் கேலி செய்கிறாள். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்காதே, ஒரு முக்காலி போட்டுக்கொள் என்று போன கடிதத்திலும் எழுதினேன். நீ கேட்கப் போவதில்லை. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

இந்தக் கடிதத்தின் தலையில் "டிங் டிங்" இல்லை என்பதை இதற்குள் கவனித்திருப்பாய். நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து, அந்தக் கிறிஸ்துமஸ் படத்தைப் பார்த்த கையோடு நாம் எழுதிக்கொள்ளும் கடிதம் அப்படித்தான் ஆரம்பிக்கும். இந்த வருஷம் எழுத வரவில்லை.

குட்டிக்கு எட்டு வயதாகிவிட்டது, இனி புரியும் என்று முதல் தடவையாக அவளை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். உனக்குப் படம் மனப்பாடம். இருந்தாலும் எழுதுகிறேன். பனி கொட்டுகிற வீடு, நிறைய உறவுக்காரர்கள், பெண்டாட்டி விட்டுப் போன தொப்பி மாமா உடைந்த பெட்டியோடு வந்து சேர்கிறார். பிள்ளைகள் இரண்டும் அவரை வீட்டிலிருந்து கிளப்ப, பெண்டாட்டி பெயரில் ஒரு பொய்க் கடிதம் எழுதுகிறார்கள். 'ரயிலில் வருகிறேன், மணி கட்டிய சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு நில்லுங்கள்.' அவரும் போய் நிற்கிறார். டிங் டிங். பனி தலையில் குவிகிறது. நாய் வந்து காலைத் தூக்குகிறது. குட்டி சோபாவிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தாள். நாமும் அந்த இடத்தில்தான் விழுவோம்.

நான் தொப்பி மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ரயில் வரும்போதும் தொப்பியைத் தூக்கி, முடியை ஒரு தடவை தடவிச் சரிசெய்துகொள்கிறார். இத்தனை வருஷம் பார்த்தும் அதை நான் கண்டதே இல்லை. சித்தப்பாவும் அதைத்தான் செய்தார், அக்கா. ஒவ்வொரு பஸ் வரும்போதும்.

அப்போது குட்டி, "அப்பா, நாமளும் யாருக்காவது இப்படி எழுதலாமா?" என்று கேட்டாள். எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டேன். அவள் அழுதாள். "நல்ல நாளும் அதுவுமா பிள்ளைய எதுக்கு அழ வைக்கிறீங்க?" என்று இவள் சத்தம் போட்டாள். சித்தி பெயரில் சித்தப்பாவுக்கு நாம் எழுதின கடிதத்தைப் பற்றி இவளிடம் நான் சொன்னதே இல்லை. உன்னிடம்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. டிங் டிங் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜனவரி 11

டிங் டிங்!

வாலுத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நலம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. முக்காலி வாங்கியாகிவிட்டது, அதன்மேல் இருமல் மருந்து அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அத்தானுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

நீ படம் பார்த்தாயா, இல்லை துக்கம் விசாரித்தாயா? அது ஒரு சிரிப்புப் படம். வருஷத்துக்கு ஒரு நாள் வாயைத் திறந்து சிரிக்க எடுத்தது. அதைப் போய் உன் பல் செட் மாதிரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் கீறல்தான் தெரியும். நானும் வழக்கம்போல் பார்த்தேன். நானும் அத்தானும் சிரித்தோம்.

அந்த விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அப்போது பத்து வயது, எனக்குப் பதிமூன்று. டிவியில் பார்த்ததைப் பிள்ளைகள் செய்து பார்ப்பது உலகத்தில் இல்லாததா? ஒரு மத்தியானம் பஸ் நிலையத்தில் நின்றார், வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார். அவரே மறந்திருப்பார். நீ கிளறாதே. பாவம், குட்டிக்கு அந்தப் படத்தை முழுசாகப் போட்டுக் காட்டு. கடைசியில் அந்தப் பெண்டாட்டி நிஜமாகவே ரயிலில் வந்து இறங்குகிறாளே, எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்களே. அது வரைக்கும் பார்த்தால்தான் அது சிரிப்புப் படம்.

குட்டியின் விழுந்த பல்லை எனக்காக ஒரு டப்பாவில் போட்டு வை.

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். பல் டப்பாவில் இருக்கிறது.

ஒரு மத்தியானம் என்று எழுதியிருக்கிறாய். அவர் வீட்டுக்கு வந்தபோது ராத்திரி பத்து மணி. முகம் வெக்கையில் கறுத்திருந்தது. நீயும் நானும் படுத்துத் தூங்குவதுபோல் கிடந்தோம். "எங்கடா போய் நின்னே, இப்படிக் கறுத்துட்டே?" என்று அப்பா கேட்டார். சித்தப்பா காதைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அந்தக் காது போனது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லாண்டரியில், பாய்லர் பக்கத்திலேயே நின்று நின்று. அது நமக்கு வசதியாகவும் இருந்தது. அவர் இருக்கும்போதே அவரைத் "தொப்பி" என்று கூப்பிட்டுச் சிரிப்போம். அவருக்கு என்னவென்று கேட்காது, நாம் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அந்தப் படம் டிவியில் வரும் நாளில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. பிள்ளை குட்டிக்காரர்கள் லீவு கேட்பார்கள் என்று அன்றைக்கு வேலையைத் தான் வாங்கிக்கொள்வார். வேலை முடித்து அவர் வந்து சேரும்போது கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சட்டையைக்கூட மாற்றாமல் நம் பின்னால் நின்று பார்ப்பார். அதனால்தான் நாம் துணிந்தோம். படத்தின் நடுவில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

யோசனை என்னுடையது. கையெழுத்து உன்னுடையது. 'கை வலிக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதுகிறேன்' என்று சேர்த்தது நீ. அன்றைக்கு உன்னைவிடப் புத்திசாலி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். நாலாம் மேடை, பகல் பன்னிரண்டு மணி. சிவப்புத் தொப்பிக்குப் பதிலாக 'அடையாளத்துக்குக் குடையை விரித்துப் பிடித்திருங்கள்' என்று சேர்த்தது நான். மழை பெய்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தோம். அரை மணி நேரம் சிரித்தோம். பிறகு பசித்தது, வீட்டுக்குப் போய்விட்டோம். எனக்கு அதுதான் தாங்கவில்லை, அக்கா. நமக்குப் பசித்தது.

ஒரு வாரத்தில் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு லாண்டரிக்காரர்கள் கொடுத்த ஒற்றை அறைக்குப் போய்விட்டார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். அவருக்கு நலம் விசாரித்து ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. பயப்படாதே.

தம்பி


பிப்ரவரி 4

சின்னவனுக்குச் சித்தப்பாவின் ஆசிகள்.

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நான் சௌக்கியம். காது முன்பு கொஞ்சம் கேட்டது, இப்போது அதுவும் இல்லை. அதனால் போன் வைத்துக்கொள்ளவில்லை. உன் வீட்டில் எல்லாரும் சுகமா? பெரியவள் கடிதம் போடுகிறாளா?

நீ விசாரித்ததால் எழுதுகிறேன். மார்ச் முப்பத்தொன்றோடு வேலை முடிகிறது. பாய்லரை இப்போதே ஒரு புதுப் பையனிடம் பழக்கிக் கொடுத்துவிட்டேன். இந்த அறையையும் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று மேனேஜர் கேட்டார். அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

உன் சித்தி இப்போது பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்று வைத்திருக்கிறாள் என்று விலாசம் கிடைத்தது. உங்கள் வீட்டை விட்டுத் தனியாகக் குடித்தனம் போகலாம் என்றாள், நான் அண்ணனை விட்டு வர மாட்டேன் என்றேன். அந்தச் சண்டைதான். பிறகு என் தப்பு எனக்குத் தெரிந்தது. தனி வீடும் பார்த்து வைத்தேன். போய்க் கூப்பிடலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளே ஒரு கடிதம் எழுதினாள். பஸ்ஸில் வருகிறேன், வந்து நில்லுங்கள் என்று. உனக்கு அது தெரியாது, நீ சின்னப் பிள்ளை. நான் போய்க் கடைசி பஸ் வரைக்கும் நின்றேன். அவள் இறங்கவில்லை. வராமல் இருக்க மாட்டாள். வந்திருப்பாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்திருப்பாள், பார்த்ததும் வேண்டாம் என்று தோன்றியிருக்கும். பார்த்தபிறகு வேண்டாம் என்றவளைப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் எனக்கு எழுதினது அது ஒன்றுதான். இனி எனக்கு வேலையும் இல்லை. ஒரு தடவை நேரில் போய், அன்றைக்கு என்ன பார்த்துத் திரும்பினாய் என்று கேட்டுவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். கேட்டால் தப்பில்லையே?

குழந்தைக்கு என் முத்தங்கள்.

சித்தப்பா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சித்தப்பாவின் கடிதத்தைப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. உட்கார்ந்து படி.

படித்தாயா? அவர் அவளைக் கூப்பிடப் போக இருந்தார். வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். நாம் குறுக்கே விழுந்தோம். ஒரு மத்தியானம் இல்லை, அக்கா. இருபத்தெட்டு வருஷம். அந்த ஒற்றை அறை முழுக்க நாம் செய்தது.

இப்போது அந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்ச் சித்தியிடமே நீட்டப் போகிறார். "இது நான் எழுதினது இல்லையே" என்று அவள் சொல்வாள். நடுத்தெருவில் நிற்பார். மறுபடியும் நம்மால்தான் நிற்பார். ஏப்ரலுக்குள் நாம் சொல்லியாக வேண்டும். கையெழுத்து உன்னுடையது, உன்னைக் கேட்காமல் நான் எழுத மாட்டேன். உடனே பதில் போடு.

தம்பி


மார்ச் 1

அக்கா,

பதில் இல்லை. நலம்தானே? போன் செய்தால் அத்தான் எடுத்து, "கடையில இருக்கா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் கடை என்கிறார். அத்தானுக்குப் பொய் சொல்ல வராது, அவரைச் சிரமப்படுத்தாதே.

இன்னும் முப்பது நாள்தான் இருக்கிறது.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். காய்ச்சல் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் எல்லாரும் சுகமாக இருங்கள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் டியூஷன் முடிந்து பஸ் நிலையம் வழியாக வந்தேன். ஆறு மணி இருக்கும். போயிருப்பார் என்று நினைத்துத்தான் அந்த வழியாக வந்தேன். நாலாம் மேடையில் அப்படியே நின்றார். கை மாற்றி மாற்றிக் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலைந்து பேர் நின்று, "என்னண்ணே, உங்களுக்கு மட்டும் மழையா?" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கேட்கவில்லை, அவர்களைப் பார்த்துச் சிரித்தார். என்னையும் பார்த்துவிட்டார். முகமெல்லாம் பூரித்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டு, "சித்தி வர்றாடா. யாருகிட்டயும் சொல்லாத. நீ வீட்டுக்குப் போ, நான் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

நான் பதிமூன்று வயதுக்காரி. எனக்குப் பேச வாய் இருந்தது. "யாரும் வரமாட்டாங்க சித்தப்பா, வாங்க வீட்டுக்குப் போலாம்" என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், கையைப் பிடித்து இழுத்திருந்தால் போதும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்து கணக்குப் போட்டேன். எல்லாக் கணக்கும் சரியாக வந்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது.

நீ பத்து வயதுப் பிள்ளை, உனக்கு விளையாட்டு. எனக்கு ஆறு மணிக்குப் பிறகு அது விளையாட்டு இல்லை. அதனால்தான் வருஷா வருஷம் முதல் ஆளாக "டிங் டிங்" என்று எழுதினேன். நீ சிரித்தால் அது சிரிப்பாகவே இருக்கும் என்று.

சொல்லிவிடு. என் பெயரையும் சேர்த்து எழுது. ஆறு மணிக் கதையையும் எழுது.

அக்கா


மார்ச் 25

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

சின்னவன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உங்களிடம் இருக்கும் அந்தக் கடிதம் சித்தி எழுதியது இல்லை. நானும் அக்காவும் எழுதினோம். நீங்கள் கடைசிப் பாட்டுக்கு வந்து சேர்வீர்களே, அந்தக் கிறிஸ்துமஸ் படத்தின் நடுவில் அப்படி ஒரு கடிதம் வரும். அதைப் பார்த்துச் செய்தோம். குடை என் யோசனை. நாங்கள் மறைந்து நின்று உங்களைப் பார்த்துச் சிரித்தோம். பசித்ததும் வீட்டுக்குப் போய்விட்டோம். சாயங்காலம் அக்கா உங்களைப் பார்த்தும் சொல்லாமல் வந்ததற்காக இன்றுவரை அழுகிறாள். சித்தி அந்த பஸ் நிலையத்துக்கு வரவே இல்லை. உங்களைப் பார்க்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டாதீர்கள்.

நேரில் வந்து சொல்ல வேண்டியது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. மன்னிப்புக் கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள், அதனால் அதையும் கேட்கவில்லை.

சின்னவன்


ஏப்ரல் 17

சின்னவனுக்கு,

உன் சித்தி எழுதுவது. என் கையாலேயே எழுதுகிறேன். கை நன்றாக இருக்கிறது, ஒரு நாளும் வலித்ததில்லை. நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள்.

உன் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அவர் அறையைக் காலி செய்துவிட்டார். மேனேஜரிடம் அவர் சொல்லிவிட்டு வந்த என் கடை விலாசத்தை எழுதி லாண்டரிக்காரர்கள் இங்கே திருப்பி அனுப்பினார்கள். என் கடைக்கு வருவதை நான்தான் பிரிப்பேன். பிரித்தேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், எதிர்ச்சாரியில் ஒரு மனிதர், மழையும் இல்லை வெயிலும் இல்லை, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாரோ பைத்தியம் என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் முடியைத் தடவிச் சரிசெய்துகொண்டார். தடவ அங்கே முடி எதுவும் இல்லை. அப்போதுதான் யாரென்று தெரிந்தது.

காது கேட்காதவர் அல்லவா, சத்தமாகத்தான் கேட்டார். "அன்னிக்கு ஏன் இறங்காமப் போயிட்டே?" தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு எந்த நாள் என்றும் தெரியவில்லை, எங்கே இறங்க வேண்டும் என்றும் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. வாசித்தேன். யாரோ பிள்ளைகளின் வேலை என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. 'தங்கள் அன்பு மனைவி' என்று எந்தப் பெண்டாட்டி கையெழுத்துப் போடுவாள்? நான் எழுதவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குடையை அப்போதும் மடக்கவில்லை.

"பஸ்ல வந்தேன். உங்களப் பாத்தேன். எறங்க தைரியம் வரல" என்று கையால் காட்டிச் சொன்னேன்.

"வந்தே இல்ல? நீ வந்தேன்னு எனக்குத் தெரியும். எல்லாருகிட்டயும் சொல்லணும்போல இருந்துச்சு, இத்தன வருஷம் யாருகிட்டயும் சொல்லல" என்று கடைப் படியில் உட்கார்ந்து அழுதார். சீருடை வாங்க வந்த பிள்ளைகளை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன்.

நானும் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். கூப்பிட வருவார் என்று முதல் வருஷம் முழுக்க ஒரு பெட்டியைக் கட்டியே வைத்திருந்தேன். அவரை வரவிடாமல் செய்தது யார் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் மிஷினில் உட்காரவில்லை. உங்கள் இருவரையும் என்னவெல்லாமோ திட்டினேன், அதை எழுத மாட்டேன்.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி இப்படி ஒன்று எழுதாதே. சொன்னால் உனக்குப் பாரம் குறையும். அவருக்கு என்ன குறையும் என்று யோசித்தாயா? அந்த வெட்கம் உங்களுடையது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவர் கையில் கொடுக்காதீர்கள். என் பெயரில் நீங்கள் எழுதின கடிதத்துக்கு இப்போது நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி அது என் கடிதம்.

அவர் இங்கேதான் இருக்கிறார். காஜாவுக்குப் பொத்தான் தைக்கிறார், எல்லாம் கோணல்.

சித்தி


மே 8

சின்னவனுக்குச் சித்தப்பாவின் ஆசிகள்.

நான் மிகவும் சௌக்கியம். புது விலாசத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பாய். கேட்டேன், சின்னவனே. உன் சித்தி அன்றைக்கு வந்திருக்கிறாள். பயந்து இறங்காமல் போயிருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். நான்தான் வேறு மாதிரி நினைத்து இத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

பாய்லர் பக்கத்தில் தரை எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அது இல்லாமல் இங்கே முதல் வாரம் தூக்கம் வரவில்லை. இப்போது அவள் தைக்கும்போது மிஷின் மேஜையில் ஒரு கையை வைத்துக்கொள்கிறேன். அது போதுமாக இருக்கிறது. நீயும் பெரியவளும் குடும்பத்தோடு ஒரு தடவை வந்து போக வேண்டும்.

ஒரு உதவி. வருஷா வருஷம் ஒரு படம் பார்த்து நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்களே, பனி கொட்டும், எல்லாரும் பாடுவார்கள், நான் கடைசியில்தான் வந்து சேர்வேன். அதை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அந்த நாளிலேயே ஆசை. உன்னிடம் இருந்தால் அனுப்பு. அவள் பேச்சைக் கையால் காட்டிச் சொல்வாள், இப்போது நன்றாகப் பழகிவிட்டாள். உன்னிடம் கேட்கப் போகிறேன் என்றதும் ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, "கேளுங்க, அவன் என்ன செய்றான்னு பாப்போம்" என்றாள்.

குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா?

சித்தப்பா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டிக்கு ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. மற்றபடி நலம். நீ சாப்பிடுகிறாயா? அத்தான் போனில், "இப்பல்லாம் முக்காலியில உக்கார்றா" என்றார். சந்தோஷம்.

நான் பிரதி எடுத்து உனக்கு அனுப்பிய சித்தியின் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. சித்தப்பா தப்பு முழுக்கத் தன்னுடையது என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டுதான் மீதியைப் படித்தேன். இல்லை என்று சொல்ல முடியாது. இனி எப்போதும் சொல்ல முடியாது.

அந்தப் படத்தை எப்படி அனுப்புவது? நடுவில் அந்தக் கடிதம் வருகிறது, அந்த ரயில் நிலையம் வருகிறது. நாலு நாள் யோசித்து அவருக்கு இப்படி எழுதினேன்:

'சித்தப்பா, அந்த டிஸ்க்கில் கீறல் விழுந்துவிட்டது, ஓடவில்லை. நீங்கள் வருத்தப்பட வேண்டாம். பெரியவனான பிறகு நானும் உட்கார்ந்து பார்த்தேன், சிரிப்பே வரவில்லை. அந்தப் படத்தில் பார்க்கும்படி இருப்பது கடைசிப் பாட்டு மட்டும்தான். நீங்கள் ஒவ்வொரு வருஷமும் சரியான நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தீர்கள்.'

உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போனேன். போட முடியவில்லை. டிஸ்க் வீட்டில் அலமாரியில் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது. அவருக்கு நான் எழுதும் இன்னொரு கடிதத்திலும் பொய்யா?

திரும்பி வந்து டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பல் செட் தேய்க்கும் மிஷினைப் போட்டு, நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் நாலு கோடு இழுத்தேன். பிறகுதான் போய்க் கடிதத்தைப் பெட்டியில் போட்டேன்.

நேற்று குட்டி அலமாரியைக் குடைந்து அதை வெளியே எடுத்துவிட்டாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா பாதியில் நிறுத்தின படத்தின் மீதியைப் பார்க்க அவள் இத்தனை மாதமாகக் காத்திருந்திருக்கிறாள்.

"இத யாருப்பா இப்படிப் பண்ணது?" என்றாள்.

"நான்தான்ம்மா" என்றேன். "நான்தான் பண்ணேன்."

ஏன் என்று கேட்டாள். டிஸ்க்கை வாங்கி மறுபடி அலமாரியில் வைத்தேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

தம்பி